முற்றத்துக் காசு யாருக்குச் சொந்தம்?

ஜவ்வாது மலையில் பொற்காசுகள் கிடைத்த செய்தி அடிவாரத்துப் பழைய வீடுகளிலெல்லாம் ஒரு கேள்வியைக் கிளப்பிவிட்டது. பதில் தெரியாமல் மண்ணைத் தோண்டினால் என்ன ஆகும்?

2025 நவம்பர் முதல் வாரம். ஜவ்வாது மலைமேல் கோவிலூர் கிராமம். அங்கே உள்ள பழமையான சிவன் கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. கருவறைக்குள் பள்ளம் தோண்டிய தொழிலாளர்களுக்கு மண்ணோடு மண்ணாக ஒரு சிறு பானை தட்டுப்பட்டது. உள்ளே மண் ஒட்டிய சின்னஞ்சிறு மஞ்சள் வட்டங்கள். எண்ணிப் பார்த்தபோது 103 பொற்காசுகள். மூன்றாம் இராஜராஜ சோழன் காலத்துக் கோயில் என்று சொல்லப்படும் இடம் அது. ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுக் கணக்கு.

அதிகாரிகள் வந்து காசுகளைக் கணக்கெடுத்துப் பாதுகாப்பில் வைத்தார்கள். செய்தி மட்டும் மலையில் நிற்கவில்லை. செல்போன் திரைகள் வழியாக எல்லாப் பக்கமும் இறங்கியது. மலையின் வடக்கு அடிவாரத்தில், திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது ஆலங்காயம். காவலூர் வானோக்கு நிலையத்துக்குப் போகிறவர்கள் கடந்து செல்லும் பேரூர். இங்கும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் நாட்டு ஓடு வேய்ந்த வீடுகள், மண்சுவர் வீடுகள், திண்ணை வைத்த பழைய வீடுகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. ஒவ்வொன்றாக இடிந்து கான்கிரீட் வீடாக மாறிக்கொண்டும் இருக்கின்றன. தாத்தா கட்டிய வீடு என்றால் அவருடைய தாத்தா எதையாவது புதைத்து வைத்திருக்க மாட்டாரா என்ற எண்ணம் வருவது இயல்பு. அந்த எண்ணத்துக்குத் துணையாக ஒரு கருவியும் இப்போது இணையக் கடைகளில் கிடைக்கிறது: மெட்டல் டிடெக்டர். சில ஆயிரம் ரூபாயிலிருந்து லட்சக்கணக்கு வரை விலை. வட்டத் தகட்டைத் தரையில் தடவினால் ‘பீப்’ என்று கத்தும். தோண்டினால் காசு வரும். யூடியூப் காணொளிகள் சொல்லும் கதை இவ்வளவுதான்.

ஆசையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மண்ணுக்குள் இருக்கும் பழைய காசு யாரையும் சுண்டி இழுக்கும், என்னையும் இழுக்கும். ஆனால் ‘பீப்’ சத்தத்துக்குப் பிறகு நடப்பவற்றைக் காணொளிகள் காட்டுவதில்லை.

போர்கள் நடந்த வழி

இந்த அடிவாரத்தில் காசு புதைந்து கிடக்க வலுவான காரணங்கள் உண்டு. பாலாற்றுச் சமவெளியும் செங்கம் கணவாயும் பதினெட்டாம் நூற்றாண்டில் படைகள் நடந்து தேய்த்த பாதைகள். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் கொல்லப்பட்டார். 1767 செப்டம்பரில் மலையின் தென்புறம் செங்கத்தில் மைசூர் ஐதர் அலியின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மோதின. அதே ஆண்டின் முடிவில் வாணியம்பாடியைப் பிடித்த ஐதர், ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். 1792-இல் திருப்பத்தூர் வட்டாரத்தை உள்ளடக்கிய பாராமகால் பகுதி கம்பெனி கைக்கு மாறியது. அதன் நிர்வாகத்தை ஏற்ற அலெக்சாண்டர் ரீட் திருப்பத்தூரில் இருந்துதான் வரி வசூலை ஒழுங்கு செய்தார்.

வங்கி இல்லாத காலம். குதிரைப்படை வருகிறது என்று கேள்விப்பட்டால் குடியானவர் வீட்டில் இருந்த ஒரே பெட்டகம் மண்தான். அடுப்படி மூலை, மாட்டுத் தொழுவம், குதிர் நிற்கும் இடம், கிணற்றடி. புதைத்தவர் திரும்பி வந்தால் எடுத்துக்கொள்வார். வராதவரின் காசு அங்கேயே கிடக்கும்.

புதைத்து ஒளிக்காத காசும் உண்டு. வாசக்கால் வைக்கும்போது நிலைக்கு அடியில் நவதானியத்தோடு காசு போடுவது இன்றும் வழக்கம். கோயிலில் பீடத்துக்கு அடியில் பொன்னும் காசும் வைத்துத்தான் தெய்வத்தை நிறுத்துகிறார்கள். ஆகவே பழைய வீட்டின் வாசலுக்கடியில் கிடைக்கும் நாலு காசைப் பார்த்து ‘புதையலின் முதல் தவணை’ என்று முழு வீட்டையும் தோண்டுவது வீண். அந்த வீட்டார் பூசை செய்து வைத்த காசு அது. அதற்கு மேல் அங்கே எதுவும் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மெஷின் எதைச் சொல்லும்?

கருவியின் வேலை எளிமையானது. வட்டத் தகட்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் மாறி மாறி ஓடும் மின்னோட்டம் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. அதிலிருந்து எழும் இன்னொரு புலத்தை வாங்கும் சுருள் உணர்ந்து ஒலி எழுப்புகிறது.

ஆக, மின்சாரம் கடத்தும் எந்தப் பொருளுக்கும் அது கத்தும். சாதாரணக் கருவிக்கு ஒற்றைக் காசு ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே போய்விட்டால் தெரிவது கடினம். நம் வீட்டுத் தரைகளோ தலைமுறை தலைமுறையாக மண் கொட்டி, திமிசு போட்டு, சாணம் மெழுகி உயர்ந்தவை. அடிவாரத்துச் செம்மண்ணில் கலந்திருக்கும் இரும்புச் சத்தும் கருவியைக் குழப்பும். கொல்லைப்புறத்தில் கத்துகிற இடங்களில் பெரும்பாலும் கிடைப்பவை லாடம், ஆணி, தேய்ந்த ஏர்க்கொழு, குடைக்கம்பி, சோடா பாட்டில் மூடி. பத்தடி ஆழத்தில் தங்கம் இருக்கிறது என்று திரையில் எழுதிக்காட்டும் கருவியை யாராவது விற்க வந்தால், பணத்தைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

அரசாங்கமே ஏமாந்த கதை உண்டு. 2013 அக்டோபரில் உத்தரப்பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டம், தவுண்டியா கேரா கிராமத்தில் ஆயிரம் டன் தங்கம் புதைந்திருப்பதாக ஒரு சாமியார் கனவு கண்டார். புவியியல் ஆய்வுத் துறையின் கருவிகள் நிலத்தடியில் ஏதோ வேறுபாடு இருப்பதாகக் காட்டின. இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. தேசிய ஊடகங்கள் முகாமிட்டன. கிடைத்தவை பழைய பானை ஓடுகளும் சுவர் மிச்சங்களும். தங்கம் ஒரு குண்டுமணி கூட இல்லை.

━━━━━━━━━━━━━━━
கொல்லையில் தட்டுப்படக்கூடிய காசுகள்

வடஆற்காட்டுப் பழைய வீடுகளில் பெரும்பாலும் கிடைப்பது செம்புதான். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக 1803-லும் 1808-லும் இங்கிலாந்தில் அச்சடித்த இருபது காசு, பத்து காசு நாணயங்கள் அவற்றில் முக்கியமானவை. அவற்றில் ஒரு பகுதியை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. நம் ஊர்ச் சந்தைக்கு வரவேண்டிய காசுகளைப் பின்னாளில் முக்குளிப்பவர்கள் அள்ளினார்கள்.

அந்நாளைய கணக்கு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன்.

பாராமகால் மைசூர் ஆட்சியில் இருந்ததால் திப்புவின் யானை உருவம் பொறித்த செப்புக் காசும் கிடைக்கலாம். 1835-க்குப் பிறகு காலணா, அரையணா. 1943 முதல் நடுவில் ஓட்டை போட்ட காலணா. வெள்ளி ரூபாய் என்றால் 11.66 கிராம் எடை. 1940 வாக்கில் அதன் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் வெள்ளியே போய் நிக்கல் வந்தது.

சாதாரணக் காலணாவுக்குச் சந்தையில் பெரிய விலை எதுவும் இல்லை. ‘பழைய காசுக்கு லட்சங்கள்’ என்று வரும் விளம்பரங்களில் ரிசர்வ் வங்கியின் பெயரைப் பயன்படுத்துகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. பழைய நாணயங்களை வாங்கும் வேலையோ, அதற்குக் கமிஷன் பெறும் வேலையோ தனக்கு இல்லை என்றும் சொன்னது.
━━━━━━━━━━━━━━━

ஈயக் காசைத் தூக்கி எறிந்திருந்தால்?

ஜவ்வாது மலையின் தெற்கே செங்கம் பகுதியில் ஆண்டிப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே பானையில் கிடைத்த காசுகள் தங்கமில்லை, வெள்ளியில்லை, செம்பும் இல்லை. ஈயம். பழைய இரும்புக் கடையில் கொடுத்தால் டீச்செலவுக்குத் தேறும். ஆனால் அவற்றின் மேல் தமிழ்-பிராமி எழுத்துகள் இருந்தன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அவற்றை வாசித்தபோது ‘சேந்தன்’ என்ற தலைவனின் பெயர் கிடைத்தது. சங்கப் பாட்டில் நன்னன் ஆண்டதாக வரும் இதே மலைநாட்டில், தன் பெயரைப் பொறித்துக் காசு வெளியிடும் அளவுக்கு அதிகாரம் கொண்ட ஒரு குறுநிலத் தலைவன் இருந்திருக்கிறான் என்பதற்கு அந்த ஈயம்தான் சாட்சி.

‘தங்க மெஷின்’ பிடித்த கைக்கு அது கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஈயம் என்று தெரிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் பறந்திருக்கும். ஒரு தலைவனின் பெயரும் கூடவே போயிருக்கும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. சங்க காலத் தமிழ் மன்னர்கள் காசு வெளியிட்டார்களா என்றே சந்தேகம் இருந்த காலத்தில், ‘பெருவழுதி’ என்று தமிழ்-பிராமியில் பெயர் பொறித்த பாண்டியர் காசை 1980-களில் அடையாளம் கண்டவர் ‘தினமலர்’ ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. அகழாய்வுக் குழியில் கிடைத்த காசில்லை அது. வியாபாரிகள் வழியாக வந்தது. கரூர் அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு பொறுக்கியவர்களால்தான் மாக்கோதை போன்ற சேரர் பெயர்கள் நமக்குத் தெரிய வந்தன. ஆர்வலர்கள் இல்லையென்றால் தமிழ் நாணயவியலில் பாதி இல்லை.

ஆனால் அந்தக் காசுகளுக்கெல்லாம் ஒரு குறை நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. எந்த மண்ணடுக்கில் கிடந்தன, கூட என்ன பானை ஓடு இருந்தது, கரித்துண்டு இருந்ததா என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லை. அதனால் காலத்தைப் பற்றி அறிஞர்கள் இன்றுவரை வாதாட வேண்டியிருக்கிறது. திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960-களில் அடுக்கு அடுக்காகத் தோண்டியதால்தான், புதிய கற்கால மக்களும் அவர்களுக்குப் பின் இரும்புக் கால மக்களும் அங்கே அடுத்தடுத்து வாழ்ந்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. காசை எடுத்துவிட்டுக் குழியை மூடுகிறவர், கடிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டுத் தபால்தலையை மட்டும் வைத்துக்கொள்கிறார்.

கிடைத்தவுடன் நடப்பது

பழைய காசு கையில் வந்ததும் நம் வீடுகளில் முதலில் தேடுவது புளி. குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். செம்பின் மேல் நூற்றாண்டுகளாகப் படிந்த பச்சைப் படலம்தான் எழுத்தைக் காத்துக்கொண்டிருந்தது. அது போனால் எழுத்தும் சேர்ந்து கரைகிறது. மிஞ்சுவது வழவழப்பான செப்புத் துண்டு. ஆராய்ச்சியாளருக்கும் பயனில்லை, சேகரிப்பவரும் விலை தரமாட்டார்.

தங்கமாக இருந்தால் கதை இன்னும் மோசம். ‘வெளியே தெரிந்தால் போலீஸ் வரும், கவர்ன்மென்ட் எடுத்துக்கும், நமக்கு ஒன்றும் மிஞ்சாது’ என்ற பயம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆழமாக ஊறியிருக்கிறது. பயந்தவர் போகும் இடம் தெரிந்த நகைப்பட்டறை. உருக்கிவிட்டால் சாட்சி இல்லை. சோழர் காசும் விஜயநகர வராகனும் ஒரு வளையலாகவோ தோடாகவோ மாறிவிடும். உருக்குகிறவருக்குக் கிடைப்பது உலோகத்தின் விலை மட்டுமே. திருட்டுப் பொருள் என்று தெரிந்தால் அதிலும் பாதிதான் கொடுப்பார்கள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2020 டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேசுவரர் கோயில் திருப்பணியில், கருவறைப் படிக்கு அடியிலிருந்து அரைக் கிலோவுக்கு மேல் தங்கப் பொருள்கள் கிடைத்தன. ஊர்மக்கள் தாங்களே காசு திரட்டித் திருப்பணி செய்துகொண்டிருந்த கோயில் அது. முன்னோர் வைத்ததை மறுபடியும் அதே இடத்தில் வைப்போம் என்று அவர்கள் சொன்னார்கள். வருவாய்த் துறை காவலர்களோடு வந்து நின்றது. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகே தங்கம் கைமாறியது. அந்த மக்கள் திருடர்கள் இல்லை. அவர்கள் கேட்டது ஒரு நியாயமான கேள்வி: எங்கள் ஊர்ப் பொருள் எங்கே போகிறது, அதை நாங்கள் மறுபடி எப்போது பார்ப்போம்?

அதற்கு ஒப்பான இன்னொரு நிகழ்வு அதே ஆண்டு பிப்ரவரியில் திருவானைக்காவலில். கோயில் வளாகத்தில் ஏழடிப் பள்ளத்தில் செப்புப் பாத்திரமும், அதில் 505 பொற்காசுகளும், மொத்தம் 1.716 கிலோ. காசுகளில் அரபி எழுத்து. அங்கே தகராறு எதுவும் எழவில்லை. ஆனால் அரபி எழுத்துக் காசு காவிரிக்கரைச் சிவன் கோயில் மண்ணுக்குள் எப்படி வந்தது என்பதை ஊர்க்காரர்களுக்கு உட்காரவைத்துச் சொல்லும் ஒரு கண்காட்சி நடந்திருந்தால், அடுத்த ஊரில் பானை கிடைக்கும்போது நம்பிக்கை கூடியிருக்கும்.

━━━━━━━━━━━━━━━
சட்டத்தில் உங்களுக்கு என்ன பங்கு?

1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், தோராய மதிப்பு, எங்கே, எந்தத் தேதியில். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும் அல்லது ஜாமீன் தர வேண்டும்.

ஆட்சியர் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோருபவர்கள் வர நான்கு முதல் ஆறு மாதம் அவகாசம். நூறு ஆண்டுக்குள் தன் முன்னோர் புதைத்தது என்று நிரூபிப்பவருக்கு வழி உண்டு. அப்படி யாரும் இல்லையென்றால் பொருள் உரிமையாளர் இல்லாதது என்று அறிவிக்கப்படும். கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு. மீதி நில உரிமையாளருக்கு.

அரசே பொருளை எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்த்துத் தர வேண்டும்.

தெரிவிக்காமல் மறைத்தால் பங்கு போய்விடும். ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். மறைக்க உடந்தையான நில உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை.

நூறு ஆண்டைத் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழும் வரும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம்.
━━━━━━━━━━━━━━━

மேலே இருப்பதை இன்னொரு முறை படியுங்கள். உருக்குகிறவருக்கு உலோக விலையே முழுதாகக் கிடைப்பதில்லை. தன் சொந்த நிலத்தில் கண்டெடுத்து ஒழுங்காகத் தெரிவித்தவருக்கு, அரசு எடுத்துக்கொண்டால்கூட, உலோக விலைக்கு மேல் கிடைக்க வேண்டும் என்கிறது சட்டம். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஏற்பாடு ஏட்டில் இருக்கிறது. ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் பட்டா மாறுதலுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அறிவிப்புப் பலகை உண்டு. இதற்கு ஒன்று நான் பார்த்ததில்லை. தண்டனை மட்டும் காதுக்கு வந்து, பங்கு காதுக்கு வராமல் போனதுதான் நம் காசுகளை உலைக்கு அனுப்புகிறது. தெரிவித்தவர்களுக்குப் பங்கு காலதாமதமில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. அது நடக்காதவரை எந்தப் பலகைக்கும் மதிப்பு வராது.

சுத்தியலைத் தேடிப் போனவர்

1992 நவம்பர் 16. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸ்ன் என்ற கிராமம். விவசாயி ஒருவர் வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். ஓய்வுபெற்ற தோட்டக்காரரான நண்பர் எரிக் லாஸ் மெட்டல் டிடெக்டரோடு அதைத் தேடப் போனார். கிடைத்தவை ரோமானியப் பொன், வெள்ளிக் காசுகள். அவர் செய்த பெரிய காரியம், தோண்டுவதை நிறுத்தியது. அதிகாரிகளுக்குச் சொன்னார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து முறையாக எடுத்தார்கள். சுமார் 15,000 காசுகள், நகைகள், வெள்ளிக் கரண்டிகள். எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதுவரை தெரிந்தது. அரசு 17.5 லட்சம் பவுண்டு வெகுமதி கொடுத்தது. லாஸ் அதை அந்த விவசாயியோடு பகிர்ந்துகொண்டார்.

அந்த நாடு பின்னர் 1996-இல் புதையல் சட்டத்தைப் புதுப்பித்தது. அடுத்த ஆண்டே, பொதுமக்கள் கண்டெடுக்கும் சிறு பொருள்களையும் பதிவு செய்ய ஒரு திட்டம் தொடங்கியது. உள்ளூர் அலுவலர் ஒருவரிடம் காசைக் காட்டினால் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். இப்படி பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. அங்கேயும் இரவில் வயலைக் கொள்ளையடிப்பவர்கள் உண்டு. ஆனால் நேர்மையானவருக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. மாவட்டத்துக்கு ஒருவர் என்று நம் தொல்லியல் துறையும் இப்படி ஓர் அலுவலரை வைத்தால், ஜவ்வாது மலை போன்ற இடங்களிலிருந்து வரும் தகவல்களே ஓர் ஆய்வுக் களஞ்சியமாகும்.

ஆசையை விற்கிறவர்கள்

வாசல் மூடியிருந்தால் சந்து வழியே ஆள் வருவார்கள். கோயில் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும் சொம்பு இருக்கிறது, கோடிகளுக்கு விலைபோகும் என்று சொல்லிப் பணம் பறிக்கும் கும்பல்கள் தமிழ்நாட்டில் பல்லாண்டுகளாகப் பிடிபட்டுக்கொண்டே இருக்கின்றன. மண்ணுக்குள் தங்கம் இருப்பதாக மெஷினில் காட்டி, எடுப்பதற்குப் பூசைச் செலவு கேட்பதும் அதே குடும்பத்து வித்தை. செலவு ஆடு, கோழியோடு நிற்காத கொடுமையும் நடந்திருக்கிறது. 2022-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் புதையலுக்கான நரபலி என்று ஒரு விவசாயியே கொல்லப்பட்டார்.

உயிரில்லாதவற்றுக்கும் பாதிப்பு உண்டு. ஜவ்வாது மலையில் பெருங்கற்காலக் கல்திட்டைகளும் நடுகற்களும் சிதறிக் கிடக்கின்றன. செங்கம் வட்டார நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் நூலாக வெளியிட்ட பிறகுதான் அவற்றின் அருமை பரவலாகத் தெரிந்தது. ‘கல்லுக்கு அடியில் குடம் இருக்கும்’ என்று நம்பி அவற்றைப் புரட்டுகிறவர்கள் அறியாத ஒன்று: கல்திட்டை என்பது ஈமச்சின்னம். உள்ளே பானையும் எலும்பும் இரும்பும் இருக்கும், பொற்காசு இருக்காது. அது காசு பரவலாகப் புழக்கத்துக்கு வராத காலம்.

முதலில் பார்க்கிற கண்

ஆலங்காயத்தில் பழைய வீடு வைத்திருப்பவர் என்ன செய்யலாம்? தேடித் தோண்ட வேண்டாம். வீட்டை இடித்துக் கட்டும்போது தற்செயலாகப் பானையோ காசோ தட்டுப்பட்டால், அந்த இடத்தில் வேலையை நிறுத்துங்கள். எடுக்கும் முன் செல்போனில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அடிக்கோலையோ செங்கல்லையோ வைத்து எடுத்தால் அளவு புரியும். தரையிலிருந்து எத்தனை அடி என்று குறித்துக்கொள்ளுங்கள். பானை உடைந்திருந்தாலும் ஓட்டைத் தூக்கி எறியாதீர்கள். கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, அதே கடிதத்தின் நகலை வட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்படைக்கும்போது எண்ணிக்கையும் எடையும் எழுதிய ரசீது கேளுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயச் சேகரிப்பில் கணிசமான பகுதி இப்படிக் கருவூலங்கள் வழியாக வந்ததுதான்.

இன்னொன்றும் உண்டு. இப்போது பழைய வீட்டின் அஸ்திவாரத்தை முதலில் கிளறுவது வீட்டுக்காரரின் மண்வெட்டி இல்லை. ஜேசிபி. முதலில் பார்க்கிற கண் அதை ஓட்டுகிறவருடையது. அல்லது பின்னால் மண் அள்ளும் சித்தாள் பெண்ணுடையது. சட்டம் கண்டெடுத்தவரையும் நில உரிமையாளரையும் வெவ்வேறு ஆட்களாகத்தான் பார்க்கிறது. பெரிய பங்கைக் கண்டெடுத்தவர் பெயரில் எழுதி வைத்திருக்கிறது. அறிவிப்புப் பலகை வைக்க அரசுக்கு மனம் வந்தால், தாலுகா அலுவலகத்தோடு நிறுத்தாமல் ஜேசிபி நிற்கும் இடங்களிலும், காலையில் கூலியாட்கள் கூடும் பேருந்து நிலையத்திலும் வைக்கட்டும். தங்களுக்கு அதில் பங்கு உண்டு என்று இதுவரை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.